மறைந்த இசையை மீட்டல்: நியூ ஆர்லியன்ஸ் ஜாஸும் நம் பண்ணும்

1917ஆம் ஆண்டு இசை வரலாற்றில் குறித்துக்கொள்ளத் தக்க ஆண்டாகும். அவ்வாண்டில் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூல் அச்சேறி வெளிவந்தது. பழந்தமிழர் வகுத்த சுருதி முறை யாது, சிலப்பதிகாரம் கூறும் பாலைகள் எவை, இன்று பாடப்பெறும் இராகங்கட்கும் அவற்றுக்கும் உள்ள உறவு என்ன என்று ஆராய்ந்த நூல் அது. அதே ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26ஆம் நாள், நியூயார்க் நகரில் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்தாரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஐந்து வெள்ளைக்கார இளைஞர்கள் கூடி இரண்டு பாட்டுகளை வாசித்தார்கள். 'ஒரிஜினல் டிக்ஸிலாந்து ஜாஸ் பேண்ட்' என்பது அவர்கள் குழுவின் பெயர். ஜாஸ் என்ற பெயர் தாங்கி வந்த முதல் இசைத்தட்டு அதுவே.

ஒன்று பழமையை நோக்கித் திரும்பிய முயற்சி. மற்றொன்று புதுமையின் பிறப்பு. இரண்டும் ஓராண்டில் நிகழ்ந்தது தற்செயலே. அதில் மறைபொருள் எதையும் நாம் தேட வேண்டுவதில்லை. ஆயினும், புதுமையென்று பிறந்த அந்த ஜாஸ், கால் நூற்றாண்டு கழிவதற்குள் பழமையாகி, மறக்கப்பட்டு, தேடிப் பிடித்து மீட்கப்பட வேண்டிய நிலையை அடைந்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. நமக்கோ மறந்ததும் தேடியதும் ஆயிரம் ஆண்டுக் கதை. அவர்கள் அதை ஒரு மனிதன் வாழ்நாளுக்குள் நடத்திவிட்டார்கள். அதனாலேயே, இசை எவ்வாறு மறைகிறது, மீட்பவன் எதை மீட்கிறான், எதைத் தவறவிடுகிறான் என்பவற்றை அக்கதையிற் தெளிவாகக் காண முடிகிறது.

தமிழாசிரியர்க்கு அமெரிக்க நாட்டுக் கேளிக்கை இசையோடு என்ன தொடர்பு என்று வினவுவார் உளர். ஜாஸ் நம் மண்ணுக்கு முற்றும் அயலானதன்று. 1930ஆம் ஆண்டுகளில் மலாயாவின் பங்சாவான் நாடகக் குழுக்கள் அதைத் தம் மேடையில் ஏற்றிக்கொண்டன. பிலிப்பைன்ஸ் நாட்டு இசைவாணர் இந்நாட்டு நகரங்களில் அதை வாசித்துப் பிழைத்தனர். துரைமார் மன்றங்களில் சனிக்கிழமை இரவு ஆடிய ஆட்டமும் அதற்கே. நம் பாட்டன்மார் அதை வேலிக்கு வெளியே நின்று கேட்டிருப்பார்கள். எனினும் நான் இங்கே எழுதப் புகுந்தது அந்த மன்றத்து ஜாஸைப் பற்றியன்று; அதற்கும் முற்பட்ட, சாவூர்வலத்திலும் தெருமுனையிலும் பிறந்த ஜாஸைப் பற்றி.

நியூ ஆர்லியன்ஸ், மிசிசிப்பி ஆறு கடலை அணுகும் இடத்தில் அமைந்த துறைமுக நகரம். 1718இல் பிரெஞ்சுக்காரர் நிறுவினர். பின்னர் ஸ்பானியர் ஆண்டனர். 1803இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் விலை கொடுத்து வாங்கின. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு திடலில் கூடி முழவு கொட்டி ஆடிப் பாட அந்நகரில் இசைவு இருந்தது. காங்கோ சதுக்கம் என்று அத்திடலை இன்றும் காட்டுகிறார்கள். அடிமை வாழ்வு 1865இல் சட்டப்படி ஒழிந்த பின், கறுப்பின மக்கள் தமக்குள் உதவிச் சங்கங்கள் அமைத்துக்கொண்டனர். சங்க உறுப்பினர் ஒருவர் இறந்தால் அடக்கச் செலவைச் சங்கம் ஏற்கும். பேண்டு வாத்தியமும் வரும். இடுகாடு செல்லும்வரை துயரமான வேதப்பாட்டை மெல்ல வாசித்துச் செல்வர். அடக்கம் முடிந்து சற்றுத் தொலைவு வந்ததும் முழவின் கட்டைத் தளர்த்தி, அதே ஊதுகொம்புகளில் துள்ளலான பாட்டை எடுப்பர். ஊரார் குடைபிடித்து ஆடிக்கொண்டு பின்தொடர்வர்.

நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது வியப்பாக இராது. சாவு வீட்டில் தப்படித்து, பாடை கிளம்பும்போது அடியை மாற்றி, ஆட்டத்தோடு அனுப்பிவைக்கும் வழக்கம் நம்முடையது. 'கல்யாணச் சாவு' என்ற சொல்லே நம்மிடம் உண்டு. நியூ ஆர்லியன்ஸ் மக்களுக்கு அச்சொல் இல்லை, செயல் உண்டு.

அந்தப் பேண்டின் இசையமைப்பைச் சுருங்கச் சொல்லலாம். கார்னெட் என்னும் ஊதுகொம்பு பாட்டின் மெட்டைத் தாங்கிச் செல்லும். கிளாரினெட் அதற்கு மேலே கொடிபோற் சுற்றிப் படரும். டிராம்போன் கீழே நின்று வழுக்கி வழுக்கி விடையிறுக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வழியிற் செல்லும், எழுதிவைத்த தாள் கிடையாது, ஆயினும் மோதிக்கொள்வதில்லை. நம் இசையில் ஒருவர் நிரவல் செய்யும்போது மற்றவர் பின்தொடர்வார் அல்லது காத்திருப்பார். இவர்களோ மூவரும் ஒரே வேளையில் நிரவல் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். காந்தாரத்தையும் நிடாதத்தையும் சற்றே கீழிறக்கி, இன்ன சுரமென்று பியானோவிற் சுட்டிக்காட்ட இயலாத ஓர் இடத்தில் நிறுத்துவதும் அவர்கள் வழக்கம். கமகம் அறிந்த நம் செவிக்கு அது குற்றமாகத் தோன்றாது. ஐரோப்பிய ஆசிரியர்களுக்குத்தான் அது பிழையாகப் பட்டது.

இந்த இசையின் முதல்வர் என்று மக்கள் போற்றியவர் பட்டி போல்டன் என்ற கார்னெட் வாசகர். 1907இல் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்த ஒலி ஒரு துளியும் இன்று இல்லை. அவருக்குப் பின்வந்த கிங் ஆலிவர் சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்து, லூயி ஆம்ஸ்ட்ராங் என்ற இளைஞரைத் துணைக் கார்னெட்டாக அமர்த்திக்கொண்டு, 1923இல் இந்தியானா மாநிலத்து ரிச்மண்ட் என்னும் சிற்றூரில் இசைத்தட்டுகள் பதிந்தார். பழைய நியூ ஆர்லியன்ஸ் குழு இசைக்கு இலக்கணம்போல் நிற்பவை அத்தட்டுகள். ஆனால் அவை மின்சார ஒலிவாங்கி வருமுன் பதிந்தவை. பெரிய ஊதுகுழல் ஒன்றன் முன் அனைவரும் நின்று வாசிக்க, அவ்வொலியின் அதிர்வு ஊசி வழியாக மெழுகிற் கீறும். பெரிய முழவை அடித்தால் ஊசி துள்ளிவிடும். ஆகையால் முழவுக்காரர் மரக்கட்டையைத் தட்டுவதோடு நின்றார். இந்தச் சிறு செய்தியை வாசகர் மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னர் இதற்கு வேலை உண்டு.

1929இல் வந்த பொருளாதார வீழ்ச்சி இசைத்தட்டுத் தொழிலை நொறுக்கியது. வானொலி இலவசமாகப் பாடியபோது தட்டு வாங்குவார் யார்? 1935க்குப் பின் 'ஸ்விங்' என்னும் பெருங்குழு ஆட்ட இசை நாட்டை ஆட்கொண்டது. பதினைந்து பேர், எழுதிவைத்த தாள், ஒரே மாதிரிச் சட்டை. பழைய ஆறேழு பேர் குழுவை அழைக்க ஆள் இல்லை. கிங் ஆலிவருக்குப் பல்லும் ஈறும் கெட்டு ஊத இயலாமற் போயிற்று. சவானா என்ற ஊரில் பந்தாட்ட மேசைக் கூடம் ஒன்றைக் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்து, 1938இல் இறந்தார். மன்னர் என்று பட்டம் பெற்றவரின் முடிவு அது.

தேடியவர்கள்

தேடல் அவ்வாண்டே தொடங்கியது. 1938 மே மாதத்தில் ஆலன் லோமாக்ஸ் என்பார், ஜெல்லி ரோல் மார்ட்டன் என்ற பழைய பியானோக் கலைஞரை வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு அழைத்து, பியானோ முன் அமர்த்தி, வாசிக்கவும் பேசவும் செய்து, பல மணி நேரம் பதிவு செய்தார். ஒரு கலைஞன் தன் வாழ்வையும் தன் கலையின் நுட்பத்தையும் தானே சொல்லி, அப்போதே வாசித்தும் காட்டிய அத்தகைய பதிவு அதற்கு முன் அரிது. மார்ட்டன் 1941இல் மறைந்தார். மூன்று ஆண்டு தாழ்த்தியிருந்தால் ஒன்றும் கிடைத்திராது.

அதே வேளையில் பிரெடரிக் ராம்சி, சார்லஸ் எட்வர்ட் ஸ்மித் என்ற இருவர் ஜாஸ் வரலாற்று நூல் ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தனர். அதில் எழுதியவர்களுள் வில்லியம் ரசல் என்பவரும் ஒருவர். பழைய கலைஞர்களை விசாரித்தபோது, பங்க் ஜான்சன் என்ற பெயர் மீண்டும் மீண்டும் வந்தது. ஆளைக் காணோம். கடைசியில் லூசியானாவின் நியூ ஐபீரியா என்னும் சிற்றூரில் அவர் இருப்பது தெரிந்தது, கடிதம் சென்றது, விடையும் வந்தது. பல் போய்விட்டது, ஊதுகொம்பு இல்லை, கூலி வேலை செய்து பிழைக்கிறேன், பல்லும் கொம்பும் கிடைத்தால் இன்னும் வாசிப்பேன் என்பது அவர் விடையின் சாரம். 1931இல் ரெய்ன் என்ற ஊரில் ஆட்டக் கூடத்து மேடையிலேயே அவர் குழுத் தலைவர் கொலையுண்டார். அந்தக் கலவரத்தில் பங்க் ஜான்சனின் கருவியும் நொறுங்கியது. அதன்பின் நெல்வயல் வேலையும் பாரவண்டி ஓட்டுதலும் அவர் தொழிலாயின.

இசை அன்பர்கள் பணம் திரட்டினர். பல் கட்டிக் கொடுத்தவர் லெனார்ட் பெஷே என்ற பல் மருத்துவர். புகழ்பெற்ற கிளாரினெட் கலைஞர் சிட்னி பெஷேயின் உடன்பிறந்தார் அவர். 1942 ஜூன் மாதத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஓர் இசைக்கருவிக் கடையின் மாடியில் பங்க் ஜான்சனின் முதல் ஒலிப்பதிவு நடந்தது. உடன் வாசித்தவர்களுள் ஜார்ஜ் லூயிஸ் என்ற கிளாரினெட்காரர் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர். பகலில் சுமையும் இரவில் இசையுமாக இருந்தவர். 1944இல் துறைமுகத்தில் அடிபட்டு வீட்டில் கிடந்தபோது, ரசல் பதிவுக் கருவியை அவர் வீட்டுக்கே கொண்டுசென்று பதிந்தார். அந்த ஒலிப்பதிவு பின்னாளில் உலகெங்கும் கிளாரினெட் பயில்வோர்க்குப் பாடமாயிற்று.

1945 செப்டம்பரில் பங்க் ஜான்சனின் குழு நியூயார்க் நகரின் ஸ்டைவசண்ட் கசினோ என்ற கூடத்தில் வாசிக்கத் தொடங்கியது. வயல் வேலை செய்த கிழவரும் மூட்டை சுமந்தவரும் மேடையேறினர். எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் கேட்க வந்தனர். நாளிதழ்கள் எழுதின. சில திங்கள் அந்தக் கூடம் நிறைந்திருந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். தாம் 1879இல் பிறந்ததாகவும், போல்டனோடு வாசித்ததாகவும், ஆம்ஸ்ட்ராங்குக்குக் கற்பித்ததாகவும் பங்க் ஜான்சன் சொல்லிக்கொண்டார். அவர் அதற்குப் பத்தாண்டு பிற்பட்டே பிறந்தார் என்பது பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அப்படியாயின் போல்டனோடு வாசித்த கதைக்குக் காலக்கணக்கு இடங்கொடாது. ஆம்ஸ்ட்ராங்கும் தம் ஆசான் ஆலிவரே என்று பிற்காலத்திற் சொன்னார். தேடி வருவோர் எதைக் கேட்க விரும்புகிறார்களோ அதை முதியவர் சொல்லிவிடுகிறார். ஆனால் அவர் கொம்பிலிருந்து வந்த ஒலி பொய் சொல்லவில்லை. தேதியில் ஐயம் உண்டு. நடையில் ஐயம் இல்லை.

தட்டைப் பார்த்து எழுந்த குழு

இதற்குச் சற்று முன்னரே, நாட்டின் மறுகோடியில் வேறொரு மீட்பு நடந்தது. சான் பிரான்சிஸ்கோவில் லூ வாட்டர்ஸ் என்ற வெள்ளைக்காரக் கார்னெட் வாசகர், பெருங்குழுக்களில் வாசித்துச் சலிப்புற்று, 1940ஆம் ஆண்டையொட்டி 'எர்பா புவேனா ஜாஸ் பேண்ட்' என்ற குழுவை அமைத்தார். எர்பா புவேனா என்பது சான் பிரான்சிஸ்கோவின் பழைய பெயர். பெயரிலேயே பழமைப் பற்றைக் காட்டியவர்கள் இவர்கள். கிங் ஆலிவரின் 1923ஆம் ஆண்டுத் தட்டுகளைத் தேய்ந்துபோகும்வரை கேட்டு, இரு கார்னெட் வைத்து, பாஞ்சோவும் டூபாவும் சேர்த்து, அப்படியே மீண்டும் எழுப்பினர். கேட்டவர் மகிழ்ந்தனர், மேற்குக் கரை முழுவதும் இதுபோன்ற குழுக்கள் தோன்றின.

ஆனால் பங்க் ஜான்சனின் குழு வேறு மாதிரி ஒலித்தது. அதில் டூபா இல்லை. வில்லால் இழைத்தும் விரலால் தட்டியும் வாசிக்கும் பெரிய நரம்புக் கருவி இருந்தது. முழவு தாராளமாக முழங்கியது. தாளம் இறுகாமல் நெகிழ்ந்து சென்றது. எது பழமை? நான் முன்பு மனத்தில் வைக்கச் சொன்ன செய்தி இங்கே உதவுகிறது. ஆலிவரின் தட்டில் முழவு கேளாமைக்குக் காரணம் அவர் முழவு விரும்பாமை அன்று; ஊசி துள்ளும் என்பதே. தட்டை மட்டும் ஆசானாகக் கொண்டவர்கள், இசையோடு பதிவுக் கருவியின் குறைபாட்டையும் சேர்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஏடு பெயர்த்தெழுதுவோன் மூலத்தின் செல்லரித்த இடத்தையும் பாடமென்று எழுதிவிடுவது போன்றதே இது. வாட்டர்ஸின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் குழுவின் இசையில் உள்ள உவகை உண்மையானது. ஆயினும் ஏட்டிலிருந்து மீட்பதும் ஆளிடமிருந்து மீட்பதும் ஒன்றல்ல.

இங்கிலாந்தில் இது இன்னும் விந்தையாக நடந்தது. போர்க்காலத்தில், ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்த ஜார்ஜ் வெப் என்பார், இலண்டனை அடுத்த ஒரு மதுக்கடையின் அடித்தளத்தில் நண்பர்களோடு பழைய ஜாஸ் வாசித்தார். அவர்களுக்கும் தட்டுகளே ஆசான். கென் காலியர் என்ற இளைஞர் மட்டும் தட்டோடு அமையவில்லை. வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, அமெரிக்கத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கி, 1952இல் நியூ ஆர்லியன்ஸ் சென்று, ஜார்ஜ் லூயிஸோடும் மற்ற முதியவர்களோடும் உட்கார்ந்து வாசித்தார். அனுமதிக் காலம் கடந்ததால் ஒரு மாதத்துக்கு மேல் சிறையிலிருந்து, 1953இல் திருப்பி அனுப்பப்பட்டார். ஊர் திரும்பியதும் மற்றவர்களுக்கு அவர் சொல்லே பிரமாணமாயிற்று. குருகுல வாசம் என்று நாம் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு மேல்நாட்டில் எனக்குத் தெரியவில்லை. 1960ஐ ஒட்டிய சில ஆண்டுகள் இங்கிலாந்தில் இவ்விசை இளைஞரிடையே பெருமோகமாகி, பின் பீட்டில்ஸ் குழுவினரின் வருகையோடு தணிந்தது.

பழைய இசைப் பற்றாளர்களை அமெரிக்கப் புதுமைவாதிகள் 'பூஞ்சணம் பிடித்த அத்திப்பழங்கள்' என்று ஏசினர். அவர்கள் பதிலுக்குப் புது ஜாஸை ஓசைக் குப்பை என்றனர். இரு சாராரின் கட்டுரைகளும் நம் தமிழிசைப் பூசல் காலத்துப் பத்திரிகைகளை நினைவூட்டும். வசைச் சொற்கள் நம்முடையவை சற்றுக் காரமானவை, அவ்வளவே.

நம் மீட்பு

இனி நம் பக்கம் வருவோம். தேவாரப் பண்களின் கதையில் ஏடும் ஆளும் இரண்டும் உண்டு. தில்லையில் செல்லரித்துக் கிடந்த ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டனர். பதிகங்கள் கிடைத்தன, பண் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் எருக்கத்தம்புலியூரில் இருந்த ஒரு பெண்ணை அழைத்துவந்து பண்ணடைவு செய்வித்தனர் என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. புராணத்தை வரலாறாக எடுத்துக்கொள்வதில் தயக்கம் இருக்கலாம். ஆனால் அதைச் சொன்னவர்க்கு ஓர் உண்மை தெரிந்திருந்தது: எழுத்து ஏட்டில் இருக்கும், இசை ஆளிடம் இருக்கும். அந்தப் பெண்ணின் பெயரைப் புராணம் சொல்லவில்லை. பங்க் ஜான்சனுக்காவது பெயர் நின்றது. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் அமர்த்திய செய்தி கல்வெட்டிலேயே உள்ளது. அத்தகைய அமைப்பின் எச்சமே இன்றைய ஓதுவார் மரபு.

யாழின் கதை வேறு. அதை வாசிக்கும் ஆள் ஒருவரும் எஞ்சவில்லை. 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவிய ஆபிரகாம் பண்டிதர் கணக்கையும் காப்பியத்தையும் துணையாகக் கொண்டார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் தம் கொள்கையைத் தம் மகளிரைக் கொண்டு மெய்ப்பித்துக் காட்ட முனைந்தார். அவருக்குப் பின் ஈழத்து விபுலாநந்த அடிகள் சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் வைத்துக்கொண்டு, நரம்பின் நீளத்தையும் ஒலியின் அளவையும் கணித்து, 'யாழ்நூல்' இயற்றினார். கரந்தைத் தமிழ்ச்சங்கம் வெளியிட்ட அந்நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடிகள் கணித்த வகையிற் செய்த யாழ்க் கருவிகள் அங்கே ஒலித்தன. அடுத்த திங்கள் 19ஆம் நாள் அடிகள் மறைந்தார். சென்னைத் தமிழ் இசைச் சங்கம் 1943இல் தோன்றி, 1949 முதல் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை நடத்தலாயிற்று. அக்கூட்டங்களில் ஓதுவார்களைப் பாடச் செய்து, பழம்பஞ்சுரம் சங்கராபரணமே, இந்தளம் மாயாமாளவகௌளையே, மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியே என்றெல்லாம் ஆய்ந்து நிலைநாட்டினர்.

ஓதுவார் வாயிலிருந்து கேட்டு முடிவு செய்தது பங்க் ஜான்சன் வழி. கணக்கிலிருந்து யாழை எழுப்பியது லூ வாட்டர்ஸ் வழிக்கும் அப்பாற்பட்டது. அவருக்குத் தட்டாவது இருந்தது. அடிகளுக்குப் பாட்டும் உரையும் தவிர ஒன்றும் இல்லை. அந்த அறிவுத் துணிவை வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் யாழ்நூலுக்குப் பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாகியும், யாழ் நம் கச்சேரி மேடைகளில் வழக்காறாக அமரவில்லை. பண்ணோ கோயில்தோறும் பாடப்படுகிறது. ஏன் இந்த வேறுபாடு? பண்ணைப் பாடும் வாய் என்றும் அற்றுப்போகவில்லை. யாழை மீட்டும் விரல் இடையில் அற்றுப்போயிற்று. கருவியை மீண்டும் செய்யலாம். விரலின் பழக்கத்தைக் கணக்கிட்டுச் செய்ய முடியவில்லை.

அதே 1947ஆம் ஆண்டின் இறுதியில் பங்க் ஜான்சன் தம் கடைசி ஒலிப்பதிவைச் செய்தார். அதைக் கேட்டவர் பலர் திகைத்தனர். ஜார்ஜ் லூயிஸ் போன்ற பழைய தோழர்களை அவர் அழைக்கவில்லை. தாள் பார்த்து வாசிக்கத் தெரிந்த பயிற்சியுள்ளவர்களைத் தேர்ந்துகொண்டு, பழைய ராக்டைம் உருப்படிகளோடு அன்றைய மக்கள் விரும்பிய பாட்டுகளையும் வாசித்தார். தம்மைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் தம்மிடம் எதிர்பார்த்த 'பழமை' வேறு, தாம் வாசிக்க விரும்பியது வேறு என்று அவர் காட்டிவிட்டார். 1949 ஜூலையில் நியூ ஐபீரியாவில் மறைந்தார். ஊரில் எது கேட்கப்படுகிறதோ அதை நன்றாக வாசிப்பதே அக்காலத்து நியூ ஆர்லியன்ஸ் கலைஞனின் இயல்பு. அவ்வகையில் அன்பர்களைவிட அவரே மரபுக்கு உண்மையாக இருந்தார் என்பது என் கருத்து.

1961இல் நியூ ஆர்லியன்ஸ் நகரின் செயின்ட் பீட்டர் தெருவில் பிரிசர்வேஷன் ஹால் என்ற சிறு கூடம் தோன்றியது. ஆலன் ஜாஃபே, சாண்ட்ரா ஜாஃபே என்ற இணையர் அதை நடத்தினர். மதுவில்லை, ஆட்டமில்லை, பலகையில் உட்கார்ந்து முதியவர் வாசிப்பதைக் கேட்க வேண்டியதுதான். நிறப்பிரிவினை நடப்பிலிருந்த காலத்திலேயே அங்கே இரு நிறத்தாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர். அக்கூடம் இன்றும் நடைபெறுகிறது. ஜார்ஜ் லூயிஸ் 1963 முதல் ஜப்பான் சென்று வாசித்துவர, அங்கும் நியூ ஆர்லியன்ஸ் முறைக் குழுக்கள் வேரூன்றின.

எனக்கு இவையெல்லாவற்றினும் பெரிதாகத் தோன்றுவது, 1970ஐ ஒட்டி டானி பார்க்கர் செய்த செயலே. பாஞ்சோவும் கித்தாரும் வாசித்தவர். நெடுங்காலம் நியூயார்க்கில் வாழ்ந்து 1965இல் பிறந்த ஊருக்குத் திரும்பினார். தெருப் பேண்டுகளில் இளைஞர் இல்லை என்று கண்டார். ஃபேர்வியூ ஞானஸ்நானத் திருச்சபையின் சார்பில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, பழைய ஊர்வல இசையைச் சொல்லிக்கொடுத்தார். தட்டுக்கொண்டு அன்று, வாயால், தெருவில் நடந்துகொண்டே. அப்பிள்ளைகளிற் பலர் பின்னாளில் பெருங்கலைஞராயினர். அந்தப் பாசறையைத் தொட்டு 1977இல் எழுந்த 'டர்ட்டி டசன் பிராஸ் பேண்ட்' பழைய ஊர்வல இசையோடு புது ஜாஸையும் அக்காலத் தெருப்பாட்டையும் கலந்து வாசித்தது. பழமைப் பற்றாளர் சிலர் முகஞ்சுளித்தனர். ஆனால் நகரத்துத் தெருக்களில் பேண்டு மீண்டும் நிறைந்தது. சாவூர்வலத்துக்கு இளைஞர் குடை பிடித்தனர்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார்கள்: குழந்தைக்கு முதலில் கேட்டல், பிறகே பேச்சும் எழுத்தும் என்று. மொழிக்குச் சொன்ன அது இசைக்கும் பொருந்தும். தேவார வகுப்பில் நாம் பதிகத்தை அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறோம். பண்ணின் பெயர் தலைப்பில் அடைப்புக்குறிக்குள் இருக்கும். பிள்ளைகள் அதை ஏதோ ஒரு திரைப்பாட்டு மெட்டிற் பாடி முடிப்பார்கள். ஓதுவார் பதிவை ஒரு முறை கேட்பித்துவிட்டுத் தொடங்கினால் என்ன வேறுபாடு என்பதைச் செய்து பார்த்தவர் அறிவர்.

இன்னொன்று. ஆளிருந்து யாழில்லை என்று நாம் வருந்துகிறோம். தப்பு இருக்கிறது, ஆளும் இருக்கிறார். அங்கே நாம் காது கொடுக்கவில்லை. சாதியின் பெயரால் அந்தக் கருவியைத் தீண்டாமல் விட்டவர்கள் நாம். ஜாஸும் இழிந்த இடத்து இசை, கறுப்பர் இசை என்று கறுப்பினக் கனவான்களாலேயே ஒதுக்கப்பட்டதுதான். தமிழகத்தில் இப்போது நிலை மாறிவருகிறது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறை ஏந்தி மேடையேறினர். 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. நம் நாட்டில் உறுமி மேளக் குழுக்கள் இளைஞர்களால் பெருகியிருக்கின்றன. திருவிழாவுக்குத் திருவிழா வேகம் கூடுகிறது. அதுவும் வாழும் இசையே. டர்ட்டி டசனைப் போற்றிவிட்டு அதைப் பழிப்பது முறையாகாது. ஆனால் இவர்களுக்கு முன் தோட்டங்களில் வாசித்த முதியவரின் அடிகள் எத்தனை, அவற்றின் பெயர் என்ன என்று கேட்டு வைத்தவர் சிலரே. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தபின், லயத்துக்கு ஒருவராக இருந்த தப்புக்காரர்கள் சிரம்பானின் அடுக்குவீடுகளில் பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். அங்கே தப்பைக் காய்ச்ச நெருப்பு மூட்ட இடமில்லை.

தெமியாங் வட்டாரத்தில் அப்படி ஒரு பெரியவர் இருக்கிறார். சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அவரிடம் சென்றேன். முதலில், இதையெல்லாம் பிள்ளைகளுக்கு எதற்குங்க சார் என்றார். பிறகு பள்ளித் திடலின் ஓரத்தில் சருகைக் கொளுத்தி, தோலைச் சூடேற்றிக்கொண்டு, ஒன்பது அடிகளை வாசித்துக் காட்டினார். ஒவ்வோர் அடிக்கும் முன்பு அதை வாயாற் சொல்லச் சொன்னோம். பிள்ளைகள் கைப்பேசியிற் பதிந்துகொண்டு, நோட்டுப் புத்தகத்தில் சொற்கட்டை எழுதினார்கள். எட்டு அடிகளுக்குப் பெயர் சொன்னார். ஒன்பதாவதற்குப் பெயர் கேட்டபோது சற்று யோசித்தார். அதற்குப் பெயரில்லை, பாடை லயத்தைத் தாண்டி ரோட்டுக்கு ஏறும்போது அடிப்பது, தம் அப்பா அடித்ததைப் பார்த்து அடிப்பது என்றார். பிள்ளைகள் நோட்டில் அதற்கு 'ரோட்டுக்கு ஏறும் அடி' என்று தலைப்பிட்டிருக்கிறார்கள்.